இரைச்சல் இல்லாத ஆம்ப்

சுவிட்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி ஒரே ஒரு தடவை 'டொப்' என்று ஏப்பம் விட்டது, அவ்வளவுதான், அதற்கப்புறம் மூச்சுப் பேச்சு இல்லை. இதைப் போய் இரைச்சல் என்று சொல்லி விற்றாரே அந்த உக்கடத்துக் கடைக்காரர், அவரை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கிறது. "கொஞ்சம் எரைச்சல் இருக்குதுங்ணா, அதனாலதான் இந்த வெலைக்குத் தர்றேன், அப்பறமேட்டுக்கு வந்து ஏமாத்திப்போட்டேன்னு சண்டைக்கு நிக்கக் கூடாது" என்று நல்ல மனுஷனாக முன்கூட்டியே சொன்னார். நானும் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டேன். ஒன்றும் இல்லை. வெளியே பஸ் ஹாரன், பக்கத்துக் கடையில் யாரோ மிக்ஸியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் இந்த ஆம்ப் மட்டும் தியானத்தில் இருந்தது. சரக்கின் அருமை தெரியாத ஆள், தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார், வாயை மூடிக்கொள் இன்னாசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்து, "எரைச்சல் இருக்கத்தான் செய்யுது, செரி, என்ன பண்றது, கட்டிக் குடுங்க" என்றேன். என்ன நடிப்பு. ஆட்டோவில் இரண்டு காலுக்கும் நடுவே பெட்டியை இடுக்கிக்கொண்டு போத்தனூர் வந்து சேருகிற வரைக்கும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். பார்க்க அழகில்லைதான். கல்யாண மண்டபங்களில் பாடித் திரிந்த ஏதோ ஒரு இன்னிசைக் குழு கலைந்தபோது விற்றது. முன்பக்கத் துணியில் ஒரு மூலை கிழிந்திருக்கிறது, குழுவின் பெயரைச் சுரண்டி எடுத்த தடம் இருக்கிறது, ஒரு குமிழ் காணாமல்போய் அந்த இடத்தில் பற்பசை மூடியை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் கீபோர்டுக்கென்று செய்த ஆம்ப், உள்ளே தாம்பாளம் அகலத்துக்கு ஸ்பீக்கர், என் ஸ்டீல் கிதாருக்கு அதுதான் வேண்டும். மற்ற கிதார்க்காரர்களுக்கு ஒலி உடைய வேண்டும், கரகரக்க வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவார்கள். எனக்கு உடையவே கூடாது. தண்ணீர் மாதிரி வர வேண்டும். எதிரொலி தருகிற வசதி இந்தப் பெட்டியில் இல்லை, அதற்கும் வழி வைத்திருக்கிறேன், பெட்டியைக் குளியலறைக் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டேன், ஒலி உள்ளே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு வரட்டும். என் பெண்டாட்டி சௌந்தரி பார்த்தாள், தலையில் அடித்துக்கொள்ளாத குறை, "குளிக்கறவங்க எப்படிப் போறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டாள்.

அவள் அங்கே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கைக்கீரை உருவுகிறாள், நான் இங்கே பெடல் ஸ்டீலுக்கு முன்னால் உட்கார்ந்து கம்பிகளைச் சுருதி சேர்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கும் நாலு மணிக் காப்பிக்கும் இடையிலான நேரம், போத்தனூரே கொஞ்சம் கண்ணசருகிற நேரம். இதைப் பார்க்காதவர்கள், கிதார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நாலு காலில் நிற்கிற குட்டி மேஜை, மேலே பத்துக் கம்பி, கீழே மிதிக்கிறதற்குப் பெடல்கள், முழங்காலால் தள்ளுகிறதற்கு லீவர்கள், அடியில் படுத்துப் பார்த்தால் கம்பியும் கொக்கியும் ஸ்பிரிங்குமாக எங்கள் நூல்மில் மிஷினேதான். என் ஆங்கிலோ இந்தியச் சிநேகிதன் டெனிசிலின் மாமா ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோனபோது கனம் தாங்காமல் விட்டுவிட்டுப் போனது. ஒரு பெடல் இழுக்கவில்லை, இன்னாசி ஃபிட்டர்தானே, வந்து பார்க்கச் சொல் என்று டெனிசில் கூப்பிட்டான், பார்க்கப் போனவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இடது கையில் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அழுத்துவதெல்லாம் கிடையாது. வீணைக்கு மெட்டு இருக்கிறது, விரலுக்கு ஒரு படி இருக்கிறது. இதில் கோடுதான் போட்டிருக்கிறார்கள், கோடு சும்மா பேருக்கு. உருளை ஒரு மயிரிழை தள்ளி நின்றால் சுருதி சொத்தையாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது, காதுதான் சொல்ல வேண்டும். வலது கால் வேறு எந்நேரமும் வால்யூம் பெடலில் இருக்க வேண்டும், மீட்டிய ஒலி தேயத் தேயக் காலை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் கேட்கிறவர்களுக்கு அது தேயாமல் நிற்பதுபோல இருக்கும். நாளைக்கு அப்படி நிற்க வேண்டும். நாளைக்கு டெனிசிலின் மகள் ஷார்லினுக்குக் கல்யாணம், சாயங்காலம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ரிசப்ஷன், கேக் வெட்டியதும் அப்பாவும் மகளும் ஆடுகிற வால்ட்ஸ் நடனம். டெனிசில் என் வீட்டுக்கே வந்து சொன்னான், "என்ன மேன் இன்னாசி, மத்ததெல்லாம் எவன் வேணா பாத்துக்குவான். நானும் எம் பொண்ணும் ஆடறப்ப உன் ஸ்டீல் மட்டும் தனியா வரணும், கீபோர்டு வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம். அவ அம்மா இல்ல மேன். அந்த எடத்துல எனக்கு நீதான் வேணும்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். தாயில்லாத பிள்ளையைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவன், அவன் கேட்டால் நான் ஹால் கூரையில் தொங்கிக்கொண்டு வாசிப்பேன்.

சரி, பார்க்கலாம் என்று முதல் ஸ்வரத்தை மீட்டினேன், ஆகா, அடிவயிற்றிலிருந்து வருகிறது, இந்தப் பெட்டிக்குள் இவ்வளவு சாதுவான குரல் இருக்கிறது என்று அந்தப் பாட்டுக்குழுவுக்குத் தெரியாமலே போயிருக்கும். இரண்டாவது பெடலை மிதித்தேன், ஒரு கம்பி மட்டும் குனிந்து நிமிர்ந்தது, குளியலறைக்குள் போய் ஒலி கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தது. மேல் ஸ்தாயிதான் கொஞ்சம் மங்கல். ட்ரெபிள் குமிழை, அதுதான் பற்பசை மூடி, முழுக்க வலது பக்கம் திருப்பினேன். அப்போது சௌந்தரியின் தோள் லேசாக அசைந்தது. கீரை உருவுகிறபோது அசைகிற அசைவு இல்லை, பேசுகிறபோது அசைகிற அசைவு. வாசித்துக்கொண்டே இருந்தேன், யாரோ தெருவில் போகிறவர்களிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன், தெருவில் யாரும் இல்லை. நிறுத்தினேன். அவள் உட்கார்ந்த வாக்கிலேயே முழுசாக என் பக்கம் திரும்பினாள், முறத்தோடு திரும்பினாள், இரண்டு கீரைக்காம்பு கீழே விழுந்தது. "ஏனுங்க, அந்த ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்களே, அத நிறுத்த முடியாதுங்களா? நீங்க வாசிக்காதப்பவும் வருது. குக்கர்ல காத்துப் போற மாதிரி." நான் கம்பியைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், சிவப்பு விளக்கைப் பார்த்தேன். "பழைய ஆம்பு அப்படித்தான் இருக்கும்" என்றேன். எவ்வளவு சுளுவாக வந்தது வாயில். "அப்பச் செரி" என்று அவள் மறுபடியும் வெளிச்சத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எந்த ஸ்ஸ்? எழுந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டு, கிழிந்த துணியில் காதை ஒட்டவைத்தேன். தூசி வாசனை, யாரோ போட்ட ஊதுபத்தி வாசனை, கன்னத்தில் லேசான சூடு. சத்தம் இல்லை. மற்ற காதை வைத்தேன், இல்லை. கையை மட்டும் நீட்டிப் பற்பசை மூடியை இடது பக்கம் மெதுவாகத் திருப்பினேன், எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, அங்கிருந்து சௌந்தரி திரும்பிப் பார்த்து, "ஆங், கொறஞ்சிருச்சு, இப்ப தேவல" என்றாள். வலது பக்கம் திருப்பினேன், முகத்தைச் சுளித்தாள். இடது, நெற்றி விரிந்தது. வலது, சுளிப்பு. என் வீட்டில், என் கையில் இருக்கிற குமிழால், என் பெண்டாட்டியின் முகம் மாறுகிறது, நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. சளிதான். போன வாரம் மழையில் நனைந்தேன், காது அடைத்திருக்கும், எண்ணெய் காய்ச்சி விட்டால் போய்விடும். ஆனால் காது அடைத்தால் எல்லாமே அடைக்க வேண்டும், ஹாரன் கேட்கிறது, கீழ்க்கம்பி இடுப்பு வரைக்கும் அதிர்கிறது, அப்புறம் எப்படி மேலே இருப்பது மட்டும் அடைக்கும். கொசு. கொசுவை ஏன் நினைக்கிறேன். இந்த வருஷம் காதோரத்தில் ரீங்காரமே இல்லை, கொசுவே இல்லை, பரவாயில்லையே, மாநகராட்சியில் மருந்து அடிக்கிறார்கள்போல என்று நானே வாயாரப் பாராட்டினேன், அவள் கொசுவலையை இறக்கிவிட்டாள், கால் முழுக்க அவளுக்குத் தடிப்பு, உனக்குப் பித்த உடம்பு என்று டாக்டர் மாதிரி விளக்கம் வேறு கொடுத்தேன். அப்புறம் கிறிஸ்துமஸ். பாதிரியார் பங்களாவில் வாசித்துக்கொண்டிருந்தபோது டெனிசில், "போயி டீ குடிச்சிட்டு வா மேன்" என்று தள்ளாத குறையாக அனுப்பினான், கதவுப் பக்கம் போனவன் கைக்குட்டையை மறந்துவிட்டுத் திரும்பினேன், அவன் அப்போதிருந்த என் பழைய ஆம்புக்குமேல் குனிந்து ட்ரெபிளைக் குறைத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் தூசி தட்டுகிற மாதிரி தட்டினான். என்னடா இவன் என் பெட்டிக்குத் தூசி தட்டுகிறான் என்று நினைத்தேன். பிரியத்தில் தட்டுகிறான் என்று நினைத்தேன். பிரியம்தான். அதுதான் இப்போது வலிக்கிறது. அந்த உக்கடத்துக் கடைக்காரர் பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், எதிரில் நின்று நடித்துவிட்டு வந்த கோமாளி நான்தான். சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

மேல் ஸ்தாயி கேட்காதவன் நாளைக்கு என்ன வாசிப்பான். அந்த வால்ட்ஸ் முதலில் கீழேயே நடக்கும், ஆடுகிறவர்கள் கால் பழக அவகாசம் கொடுக்கிற மாதிரி, பிறகு இரண்டாவது பாதியில் ஏறும், உருளை வழுக்கிக்கொண்டே கோடுகள் நெருங்குகிற இடத்துக்குப் போகும், அங்கே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் விரல் அகலம்கூட இருக்காது, அந்த உச்சியில் போய் நின்று ஷார்லினை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு இறங்க வேண்டும். வேறு வாத்தியம் இல்லை, மறைத்துக்கொள்ள டிரம்ஸ் இல்லை, கூட்டம் முழுக்க வட்டமாக நின்று பார்க்கும். உச்சியில் சுருதி பிசகினால் எனக்குத் தெரியவே தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து வாசித்துக்கொண்டிருப்பேன், டெனிசில் மகள் தோளுக்கு மேலாக என்னைப் பார்ப்பான், பார்த்துவிட்டுச் சிரிப்பான், அவன் சிரிப்பான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. போகாமல் இருந்துவிட்டால்? கை சுளுக்கு என்றால் வந்து பார்ப்பார்கள். காய்ச்சல் என்றால் சௌந்தரிக்குத் தெரியும். ஆம்ப். ஆம்ப் போய்விட்டது என்று சொல்லலாம். என் கை ஏற்கெனவே பெட்டியின் பின்பக்கம் போயிருந்தது, சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் மூடியைத் திருகி எடுத்தேன், சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே முடி மாதிரி ஒரு கம்பி, இதை உடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. 'செகண்ட் ஹேண்ட் வாங்காதேன்னு சொன்னேனா இல்லையா மேன்' என்று டெனிசில் நாலு வார்த்தை திட்டுவான், கீபோர்டுக்காரனை வாசிக்கச் சொல்லுவான், கல்யாணம் நடந்துவிடும். மலிவான பெட்டிமேல் எந்தப் பழியைப் போட்டாலும் யாரும் நம்புவார்கள். ஆனால் அடுத்து ஈஸ்டர் வரும். அப்புறம் யாருக்காவது ஞானஸ்நானம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆம்ப் சாக வேண்டும், எத்தனை ஆம்பை நான் கொல்லுவேன். கடைசியில் ஒரு நாள் ஸ்டீலுக்கு மேல் பழைய போர்வையைப் போர்த்தி மூலையில் நிறுத்திவிட்டு, அதன்மேல் அயர்ன் பண்ணின துணியை அடுக்கத் தொடங்குவோம்.

"என்னத்தக் கழட்டறீங்க?" சௌந்தரி கேட்டாள். அவள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது, இரண்டடி தூரத்தில் நிற்கிறாள், கையில் பச்சைக் கறை. நான் அவள் வாயைப் பார்த்தேன். என்-னத்-தக் கழட்-டறீங்-க. ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் எடுத்துவைத்துச் சொன்னாள், அமைதியான வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அப்படிப் பேசுகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். மில்லில் நான் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் ஹாலில், அவள் நூற்றதைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில். ரிங் ஃப்ரேம் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, யாரும் கத்துவதும் இல்லை, உதட்டை மட்டும் பெரிசாக அசைப்பார்கள், பார்த்துப் புரிந்துகொள்வோம், சம்பளம், சண்டை, மேஸ்திரியைப் பற்றிய கெட்ட வார்த்தை எல்லாம் உதட்டிலேயே. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், பஞ்சு காற்றிலேயே பறந்தது, எடுத்து வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. சௌந்தரி வாளியில் நூல் நிறைந்த பாபின் எடுக்க வருவாள், வாசலில் நின்று, சாப்பிட்டாச்சா என்று உதட்டை அசைப்பாள், ஆச்சு என்பேன், நானும் சத்தமில்லாமல். எங்கள் கல்யாணம் நிச்சயமாகிற வரைக்கும் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்திருக்கிறது. எந்த மனுஷனுக்கும் காது போனால் தெரியும், என்ன, என்ன என்று கேட்பான், நாலு பேர் சொல்லுவார்கள். மில்காரனுக்குத் தெரியாது. காது விட்டுவிட்ட இடத்தைக் கண் எடுத்துக்கொண்டது, எனக்கே சொல்லாமல் எடுத்துக்கொண்டது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவளுக்குத் தெரியுமா? கொஞ்ச நாளாக இவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதே இல்லை. காப்பி வேண்டுமா என்பதற்குக்கூடக் கரண்டியும் கையுமாக வந்து, எனக்கு நேரே நின்று, கேட்டுவிட்டுப் போகிறாள். வயசான காலத்தில் இவளுக்கு என்மேல் ஆசை கூடிவிட்டது என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். "சௌந்தரி, என்னமாச்சும் சொல்லு" என்றேன். ஏதோ சொன்னாள். குரல் வந்தது, அவள் குரல்தான், அதன் கனம் தெரிந்தது, ஏற்ற இறக்கம் தெரிந்தது, கேள்வி என்றுகூடத் தெரிந்தது, வார்த்தைதான் இல்லை, போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல இருந்தது. இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னாள். ஆ, ஊ, ஓ. ஓரங்கள் எல்லாம் தேய்ந்துபோன பேச்சு. நான் பயந்தேன், உண்மையாகவே பயந்தேன், கண்ணைத் திறந்தால் அவள் அங்கே இருக்க வேண்டுமே என்று சின்னப் பிள்ளை மாதிரி பயந்தேன். திறந்தேன். இருந்தாள்.

"என்ன சொன்ன?"

"கீரையில முட்டை ஒடச்சு ஊத்தட்டுமா, பருப்புப் போடட்டுமான்னு கேட்டனுங்க."

"எனக்குக் கேக்கல சௌந்தரி. அந்த ஸ்ஸுன்னு சொன்னியே, அதுவும் கேக்கல. கொஞ்சங்கூடக் கேக்கல."

"தெரியுமுங்க" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

அவள் பச்சைக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்த பிறகும் துடைத்தாள். "சொன்னா இத மூடிப்போடுவீங்க. உங்களப் பத்தித் தெரியாதுங்களா எனக்கு. மூடிப்போட்டா அப்பறம் நீங்க எங்க உக்காருவீங்க, மத்தியானத்துல?" குரல் உடைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, கீழுதடு நடுங்கியது தெரிந்தது. பிறகு என் உள்ளங்கையில் இருந்த ஃபியூஸைக் குனிந்து பார்த்தாள். "இதென்னுங்க, இத்தினியூண்டு? இதில்லாம அது ஓடுமுங்களா?"

"ஓடாது."

"அப்பறம் எதுக்குக் கையில வெச்சிருக்கீங்க? போடுங்க."

போட்டேன். மூடியின் மரை ஏறவில்லை, இரண்டு தடவை வழுக்கி மூன்றாவது தடவை பிடித்தது. விளக்கு எரிந்தது, பெட்டி மறுபடியும் ஏப்பம் விட்டது. ட்ரெபிளை அவள் முகம் நிம்மதியாகிற வரைக்கும் குறைத்தேன், எனக்கு அது எந்த இடம் என்று தெரியாது, அவள் நெற்றிக்குத் தெரிந்தது. வால்ட்ஸைக் கீழேயிருந்து எடுத்தேன். கீழே எல்லாம் என் ராஜ்ஜியம்தான், ஒவ்வொரு கம்பியும் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறது, முழங்கால் லீவரைத் தள்ளினால் ஸ்வரம் பெருமூச்சு விட்டு இறங்குகிறது, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, கடவுளே இதையாவது விட்டுவை என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதி வந்தது. உருளை ஏறியது, கோடுகள் நெருங்கின, வலது காலை மெல்ல அழுத்தினேன், உச்சிக்கு வந்து நின்றேன். நின்றேனா. எனக்கு ஒரு ஒலி வருகிறது, அதன் உடம்பு மட்டும் வருகிறது, முனை இல்லை. இதுதான் இடமா. கோடு ஆமாம் என்கிறது, கோட்டை நான் எந்தக் காலத்தில் நம்பினேன். ஸ்டீல் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் யாரிடமும் நான் இதைக் கேட்டதில்லை, கேட்பேன் என்று நினைத்ததும் இல்லை, தலையை நிமிர்த்தி, "சுதி சேந்திருக்குதா?" என்று கேட்டேன்.

சௌந்தரி திகைத்தாள். "என்னையா கேக்கறீங்க? எனக்கென்ன பாட்டுத் தெரியும்?"

"பாட்டுத் தெரிய வேண்டாம். கேக்க நல்லாருக்குதா, பல்லுக் கூசுதா, அதச் சொல்லு."

அவள் தரையில் உட்கார்ந்தாள், முறத்தைத் தள்ளி வைத்தாள், கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். நான் மறுபடியும் மீட்டி மேலே ஏறி நின்றேன். "கூசுதுங்க" என்றாள். "தாண்டிப் போயிட்டீங்க." உருளையை இழுத்தேன். "இன்னுங் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு வேண்டாமுங்க, இது அழுகாச்சியா இருக்குது." தள்ளினேன், மயிரிழை, அதற்கும் குறைச்சல். அவள் முகம் அப்படியே தளர்ந்து கண் பாதி மூடியது, நான் காலை அழுத்தி அழுத்தி அந்த ஒலியைத் தேயவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், பெடல் தரையில் முட்டுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது பாதிதான், மீதியை அவள் முகத்தில் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஏறினேன். ஒரு தடவை நேராகப் போய் நின்றது, ஒரு தடவை தவறியது, புருவத்தால் கீழே என்றாள், இறங்கினேன், அடுத்த தடவை தவறவில்லை. நாளைக்கும் தவறலாம். காதுக்கு டாக்டரிடம் போக வேண்டும், மிஷின் மாட்டச் சொல்லுவார், மாட்டினால் ஸ்டீல் எப்படிக் கேட்குமோ, இன்னும் கொஞ்ச நாளில் கீழே இருப்பதும் போகுமோ, பயம் எங்கேயும் போய்விடவில்லை, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. டெனிசிலிடம் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

நாலு மணி ஆகியிருக்கும், அவள் எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், பாதியில் நின்றாள், திரும்பி வந்து எனக்கு நேரே நின்றாள்.

"ஏனுங்க, நாளைக்கு அந்த மேடையில எனக்கொரு சேர் போட எடமிருக்குமுங்களா?"